வாசலுக்கு முன்னால் பாத்ரூமில் ஏறும் வெள்ளம்

தரைத்தள வீடுகளில் வெள்ளம் வாசல்படி ஏறுவதற்கு முன்பே பாத்ரூமில் ஏறிவிடும். சென்னையில் ஒவ்வொரு வடகிழக்குப் பருவமழையிலும் தாழ்வான தெருக்களில் இதுதான் நடக்கிறது. வாசலில் மணல் மூட்டை அடுக்கிவிட்டுத் திரும்பினால் ஹாலில் கணுக்கால் அளவு கறுப்புத் தண்ணீர் நிற்கும். மூட்டையைத் தாண்டி ஒரு சொட்டு உள்ளே வந்திருக்காது.

பாதாள சாக்கடைக் குழாயும் தெருவும் மேன்ஹோல், சேம்பர் (வீட்டுக் கழிவுக் குழாய்கள் சேரும் மூடியுள்ள சிறு தொட்டி) வழியாக ஒன்றோடு ஒன்று சேர்ந்தவை. மழைநீர் மேன்ஹோல் மூடி வழியாக இறங்கிக் குழாயை நிரப்புகிறது. கழிவுநீரேற்று நிலையத்தில் கரண்ட் போனாலோ, அங்குள்ள பம்பால் சமாளிக்க முடியாமல் போனாலோ, வந்ததெல்லாம் குழாயிலேயே நிற்கும். அதற்குப் பிறகு தெருவில் தண்ணீர் எந்த மட்டத்தில் நிற்கிறதோ, அதே மட்டத்துக்கு வீட்டுக் குழாய்க்குள்ளும் ஏறும். பாத்ரூம் தரை ஹாலைவிட ஓரிரு அங்குலம் தாழ்வு என்பதால் முதலில் தரை ஜாலி கொப்பளிக்கும், அடுத்து இந்தியன் கோப்பை, கடைசியில் வெஸ்டர்ன். தார் ரோட்டைச் சுரண்டாமல் மேலே மேலே போட்டுக்கொண்டே போன தெருக்களில் வீட்டின் தரையே ரோட்டுக்குக் கீழே போயிருக்கும். அங்கெல்லாம் இதற்குப் பெருமழைகூடத் தேவையில்லை.

ஒன்றை முதலில் பிரித்துச் சொல்லிவிடுகிறேன். கீழே எழுதியிருப்பது எல்லாம் தெருவில் ஒன்றரை, இரண்டடி தேங்கும் மழை வெள்ளத்துக்கு. 2015 டிசம்பர் 1 அன்று தொடங்கிய மழையில் 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. பெய்தது. அன்றிரவு செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி அடையாற்றில் திறந்துவிடப்பட்டது. லிட்டரில் சொன்னால் விநாடிக்கு எட்டு லட்சத்துக்கும் மேல். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. பெய்தது. இந்த அளவுக்கு மூட்டையும் அடைப்பானும் தாங்காது. ஆற்றங்கரையிலோ ஏரியின் மறுகால் போகும் பாதையிலோ வீடு இருந்து, உபரிநீர் திறப்பு அறிவிப்பும் வந்துவிட்டால், சான்றிதழ் பையையும் மருந்துகளையும் எடுத்துக்கொண்டு வெளிச்சம் இருக்கும்போதே கிளம்பிவிட வேண்டும். மாநிலக் கட்டுப்பாட்டு அறை 1070, மாவட்டத்துக்கு 1077, சென்னை மாநகராட்சிக்கு 1913.

இனி அடைப்பான் விஷயம். கோப்பைக்குக் கனமான பாலித்தீன் பை இரண்டை ஒன்றுக்குள் ஒன்றாகப் போட்டு, பத்துக் கிலோ மணல் நிரப்பி, வாயைக் கொஞ்சம் தளர்வாகக் கட்டிக் கோப்பையின் தொண்டைக்குள் அழுத்தி இறக்க வேண்டும். தளர்வாகக் கட்டினால்தான் பை வளைந்து கொடுத்து இடுக்கில் உட்காரும். இங்கே ஒரு கணக்கு முக்கியம். நாலங்குல ஓட்டையை அடைத்தால், ஓர் அடி தண்ணீர் மேல்நோக்கித் தள்ளும் விசை மூன்று கிலோவுக்கும் குறைவு. அதே மூட்டை தொண்டைக்குள் இறங்காமல் எட்டங்குல அகலத்தில் கோப்பையின் வாயிலேயே உட்கார்ந்துவிட்டால், அதே ஓர் அடிக்குப் பத்துக் கிலோ தள்ளும். அப்போது மூட்டை மிதந்து ஓரமாக ஒதுங்கிவிடும். எடையைக் கூட்டுவதைவிட ஆழமாக இறக்குவதுதான் பலன் தரும். தரை ஜாலிக்கு ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் ரப்பர் டெஸ்ட் பிளக் போதும். குழாய்க்குள் விட்டு நட்டை முறுக்கினால் ரப்பர் விரிந்து அடைத்துக்கொள்ளும். குழாயின் உள் அளவை முன்கூட்டியே அளந்து வாங்கி வைக்க வேண்டும். மழை பிடித்த பிறகு எந்தக் கடையிலும் இருக்காது. வாஷிங் மெஷின் தண்ணீர் போகும் ஓட்டையைப் பலரும் மறந்துவிடுவார்கள். அதுவும் தரை மட்டத்தில்தான் இருக்கிறது.

நிரந்தரத் தீர்வு என்.ஆர்.வி. எனப்படும் ஒருவழி வால்வு. காம்பவுண்டுக்குள் கடைசி சேம்பரில், தெருக்குழாயோடு சேரும் இடத்துக்கு முன்னால் 110 மி.மீ. அளவில் பிளாப் வகை வால்வு போட வேண்டும். பிளாப் என்பது வெளிப்பக்கம் மட்டும் திறக்கும் தகடு. வால்வின் உடம்பில் அம்புக்குறி இருக்கும், அது தெருவைப் பார்க்க வேண்டும். மண்ணுக்குள் புதைத்துவிடாமல் மூடி திறந்து கை விட்டுப் பார்க்கிற மாதிரி சேம்பருக்குள்ளேயே வைக்கச் சொல்லுங்கள். இந்த வால்வு வேலை செய்யாமல் போவதற்குப் பெரும்பாலும் துணி, நாப்கின், முடிக்கற்றைதான் காரணம். பிளாப்பின் ஓரத்தில் ஒரு நூல் சிக்கினாலே முழுதாக மூடாது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை திறந்து பிளாப்பை விரலால் தள்ளிப் பாருங்கள். தானாகத் திரும்பி விழுந்து உட்கார வேண்டும்.

வால்வு மூடியிருக்கும் வரை உங்கள் வீட்டுக் கழிவும் வெளியே போகாது. இதைப் பிளம்பர்கள் சொல்வதில்லை. அடுக்குமாடிகளில் சண்டை மூட்டுவது இதுதான். இரண்டாம் மாடிக்காரர் ஃப்ளஷ் செய்தால் அது போக வழியில்லாமல் தரைத்தளத்துக்காரர் பாத்ரூமில் வந்து நிற்கும். அங்கே மூட்டை வைத்திருந்தால் அதையும் தூக்கிவிடும். வெளியேறும் பாதை அடைபட்ட கணத்திலிருந்து மேல்மாடி சிங்க், ஷவர், வாஷிங் மெஷின் எல்லாம் நிறுத்தப்பட வேண்டும். சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் அக்டோபருக்கு முன்பே இதைப் பேசி முடித்துவிடுங்கள். மூடியுள்ள வாளியில் பாலித்தீன் பை போட்டு, ஒவ்வொரு முறையும் மரத்தூளோ சுண்ணாம்புத்தூளோ தூவி இரண்டு நாள் ஓட்டலாம்.

அடுத்தது சம்ப், அதாவது தரைக்கு அடியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டி. மழை எச்சரிக்கை வந்ததும் அதைக் காலி செய்துவிட வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். நேர்மாறாக, விளிம்பு வரை நிரப்ப வேண்டும். நிலத்தடி நீர் மேலே வந்துவிட்டால் காலித் தொட்டி, தண்ணீரில் விட்ட படகு மாதிரி மேலே கிளம்பப் பார்க்கும். ஆறடி நீளம், ஐந்தடி அகலம், ஐந்தடி ஆழமுள்ள சம்பை மண்ணிலுள்ள தண்ணீர் தள்ளும் விசை நாலு டன்னுக்கும் மேல். கான்கிரீட் சம்பில் அடித்தளம் விரிசல் விடும், பிளாஸ்டிக் தொட்டி மண்ணைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்துவிடும். செப்டிக் டேங்குக்கும் இதே கணக்குதான். மழைக்கு நடுவே லாரி வரவழைத்து டேங்கை முழுக்க உறிஞ்சச் சொல்வது, காசு கொடுத்துச் சுவரை உள்ளே சரிய விடுவதற்குச் சமம்.

நிரம்பிய சம்பில் இன்னொரு லாபம், வெள்ளம் புகுந்தாலும் சேறு குறைவாகத்தான் உள்ளே போகும். மெட்ரோ வாட்டர் வரும் வால்வை மூடுங்கள். குழாயில் அழுத்தம் இல்லாதபோது கசிவு இருக்கும் இடங்களில் எல்லாம் தெருத்தண்ணீர் உள்ளே இழுக்கப்படும். மூடியைச் சுற்றி ஓர் அடி உயரத்துக்குச் செங்கல் கட்டு எழுப்பி, காற்றுக் குழாயை எல்போ போட்டு மூன்றடிக்குத் தூக்கிவிட்டால் வழக்கமான வெள்ளத்துக்குத் தாங்கும். இந்த இரண்டும் கொத்தனாருக்கு ஒரு நாள் வேலை.

வாசலில் மூட்டை வைப்பதாக இருந்தால் சிமென்ட் சாக்கில் பாதி அளவுக்குத்தான் மணல் நிரப்ப வேண்டும். நிறைய நிரப்பிய மூட்டை உருண்டையாக நிற்கும், இடுக்கு அடையாது. வாயைக் கட்டாமல் அடியில் மடித்து, செங்கல் அடுக்குவது போல இணைப்புகள் மேலும் கீழும் மாறி வரும்படி வைத்து, ஒவ்வொரு வரிசையையும் மிதித்துத் தட்டையாக்குங்கள். தண்ணீர் வரும் பக்கம் தார்ப்பாயைப் போர்த்தி, அதன் அடிமுனையை முதல் வரிசைக்குக் கீழே செருகிவிட வேண்டும். கதவுக்கு மட்டும் என்றால் முக்கால் அங்குல மரைன் பிளைவுட் பலகை இரண்டடி உயரத்தில், விளிம்பில் ரப்பர் பீடிங் ஒட்டி, நிலையில் போல்ட் போட்டு இறுக்குவது மூட்டையைவிட நன்றாக நிற்கும்.

எவ்வளவு உயரம் வரை தடுக்கலாம்? மூன்றடி அகலக் கதவில் ஓர் அடி தண்ணீர் 42 கிலோ அளவுக்குத் தள்ளும். இரண்டடி என்றால் 170 கிலோ, மூன்றடி என்றால் 380 கிலோ. உயரம் இரட்டிப்பானால் விசை நான்கு மடங்கு. வீட்டுச் சுவருக்கும் இதே அழுத்தம்தான். வெளியே மூன்றடியை நெருங்கிவிட்டால் தடுப்பை எடுத்துவிட்டுத் தண்ணீரை உள்ளே விடுவதே சுவருக்கு நல்லது. நாலரை அங்குலக் காம்பவுண்டுச் சுவர் அதற்கு வெகு முன்னரே விழும். வெள்ளத்தில் நடக்கும்போது அதைப் பிடித்துக்கொண்டு நடக்காதீர்கள்.

கேஸ் சிலிண்டர் கனமானது, மிதக்காது என்று நம்புபவர்கள் அதிகம். 14.2 கிலோ சிலிண்டர் நிறைந்திருந்தாலும் மொத்த எடை சுமார் 30 கிலோதான். அது இடம் பிடிக்கும் அளவோ சுமார் 35 லிட்டர். நிறைந்த சிலிண்டரும் மிதக்கும், டியூபை அறுத்துக்கொண்டு போகும். ரெகுலேட்டரைக் கழற்றி, பாதுகாப்பு மூடியைப் போட்டு, ஜன்னல் கம்பியில் சங்கிலியால் கட்டிவிடுங்கள்.

கரண்ட் விஷயத்தில் ஒரே ஒரு விதி. காய்ந்த தரையில் நின்று, காய்ந்த கையால் தொட முடியுமென்றால் மட்டும் மெயின் சுவிட்சை அணைக்கலாம். தண்ணீர் ஏற்கனவே காலடிக்கு வந்துவிட்டால் தொடக் கூடாது. மின்வாரியப் புகார் மையமான மின்னகத்தை 94987 94987 எண்ணில் கூப்பிட்டு, லைன்மேனை விட்டுப் பில்லர் பாக்ஸிலோ கம்பத்திலோ ஃபியூஸைப் பிடுங்கச் சொல்ல வேண்டும். மெயினை அணைத்த பிறகும் இன்வெர்ட்டர் வீட்டு வயரிங்குக்குள் 230 வோல்ட்டைத் தந்துகொண்டே இருக்கும். அதைத் தனியாக அணைத்து பேட்டரி டெர்மினலைக் கழற்ற வேண்டும். மாடியில் சோலார் இருந்தால் வெயில் அடிக்கும் வரை பேனலிலிருந்து வரும் வயரில் மின்சாரம் இருக்கும்.

எம்.சி.பி. எனப்படும், லோடு மீறினால் தானாக விழும் சுவிட்ச் இருக்கிறதே என்று நிம்மதியாக இருக்காதீர்கள். அது வயர் எரியாமல் காக்கும், ஆளைக் காக்காது. ஆளைக் காப்பது, மின்கசிவு வந்தால் கரண்டைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. அதிலுள்ள டெஸ்ட் பட்டனை மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள், விழவில்லையென்றால் மாற்றுங்கள்.

தண்ணீர் வடிந்த பிறகு என்ன செய்வது என்பதில் வரிசை தவறினால் செலவு இரட்டிக்கும். துடைக்கத் தொடங்கும் முன் சுவரில் தண்ணீர் நின்ற கோட்டை மார்க்கரால் குறித்து, அறை அறையாகப் படம் எடுங்கள். ஃப்ரிட்ஜ், மெஷின் சீரியல் எண் தெரியும்படி தனித்தனியாக எடுங்கள். காப்பீட்டுக்கும் நிவாரணத்துக்கும் இதுதான் ஆதாரம். பிறகு சேறு. ஈரமாக இருக்கும்போதே வழித்துவிட வேண்டும். காய்ந்த வண்டலைக் கொத்தித்தான் எடுக்க முடியும். உள்ளறையிலிருந்து வாசலை நோக்கி வைப்பரால் தள்ளி, சுவரை மேலிருந்து கீழாகக் கழுவி, சோப்புத் தண்ணீரால் தேய்த்த பிறகே ப்ளீச்சிங் பவுடரை எடுக்க வேண்டும். பத்து லிட்டர் வாளிக்கு 150 கிராம், கரைத்து ஊற்றிப் பத்து நிமிடம் விட்டுக் கழுவலாம்.

சேற்றின் மேல் அதை அப்படியே தூவுவது வீண். சேற்றிலுள்ள அழுக்கே குளோரினைத் தின்றுவிடும், கிருமிக்கு மிச்சம் இருக்காது. வெள்ளம் வடிந்த தெருவோரங்களில் வெள்ளைக் கோடு போட்டுவிட்டுப் போகிறார்களே, அது பார்வைக்குச் சுத்தம், அவ்வளவுதான். ப்ளீச்சிங் பவுடரோடு பாத்ரூம் ஆசிட்டை மட்டும் சேர்த்துவிடாதீர்கள். குளோரின் வாயு கிளம்பும், மூடிய பாத்ரூமில் அது உயிரை எடுக்கும். கால் முட்டிவரை கம்பூட், ரப்பர் கையுறை இல்லாமல் சேற்றில் இறங்க வேண்டாம். எலிக்காய்ச்சல் பெரும்பாலும் காலில் இருக்கும் சிறு கீறல் வழியாக வரும். சேற்றில் புழங்கிய ஒரு மாதத்துக்குள் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் வந்தால், தண்ணீரில் நின்றதை டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

அடித்தளக் கார் பார்க்கிங்கில் நிற்கும் தண்ணீரை ஒரே மூச்சில் இறைக்கக் கூடாது. வெளியே மண் நனைந்து சுவரைத் தள்ளிக்கொண்டிருக்கும், உள்ளே தண்ணீர்தான் அதற்கு முட்டுக்கொடுத்து நிற்கிறது. முதல் நாள் ஓர் அடி இறைத்துக் கோடு போட்டு வையுங்கள். மறுநாள் மட்டம் மறுபடி ஏறியிருந்தால் இன்னும் நேரம் வரவில்லை. ஏறவில்லையென்றால் நாளுக்கு இரண்டு, மூன்று அடியாக இறைக்கலாம். டீசல் பம்பு மேலே, வெளிக்காற்றில்தான் ஓட வேண்டும். கிணற்றுக்கும் இதுவே. உறைகிணற்றை அவசரப்பட்டு இறைத்தால் உறைகள் விலகி மண் சரியும்.

சம்பைச் சுத்தம் செய்யும்போது மோட்டார் லைனை மெயினிலேயே துண்டித்திருக்க வேண்டும். நீர்மூழ்கி மோட்டார் ஓடிக்கொண்டிருக்க, உள்ளே ஆள் இறங்கி ஷாக் அடித்துச் சாவது இன்றும் நடக்கிறது. மூடியைச் சில மணி நேரம் திறந்து வைத்து, வெளியே ஒருவர் கயிற்றைப் பிடித்திருக்க இறங்கலாம். செப்டிக் டேங்கில் ஆளை இறக்கவே கூடாது. பாதுகாப்புக் கருவி இல்லாமல் இறக்குவது, கையால் மலம் அள்ளுவதைத் தடை செய்யும் 2013 சட்டப்படி குற்றம், உள்ளே இருக்கும் வாயு சில மூச்சிலேயே ஆளைச் சாய்த்துவிடலாம். அதற்கு லாரிதான், அதுவும் சுற்றி மண் வடிந்த பிறகு.

சேறு எடுத்துச் சுவரைத் தேய்த்த சம்பில் தண்ணீர் நிரப்பி, ஆயிரம் லிட்டருக்கு 150 கிராம் கணக்கில் ப்ளீச்சிங் பவுடர் போட வேண்டும். 5,000 லிட்டருக்கு 750 கிராம். நேராகக் கொட்டாமல், வாளியில் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் களியாகக் குழைத்து, பிறகு முக்கால் வாளி நிரப்பிக் கலக்கி, பத்து நிமிடம் தெளியவிட்டு, மேலே நிற்கும் தெளிவை மட்டும் ஊற்றுங்கள். அடியில் தங்கும் சுண்ணாம்பு குழாயை அடைக்கும், கிணற்று நீரின் கடினத்தைக் கூட்டும். இந்தத் தண்ணீரை மோட்டாரால் மேல்நிலைத் தொட்டிக்கு ஏற்றி, ஒவ்வொரு குழாயையும் குளோரின் வாசனை வரும்வரை திறந்துவிட்டு மூடி, 24 மணி நேரம் அப்படியே விட்டு, முழுக்க வெளியேற்றிவிட வேண்டும். இதைக் குடிக்கக் கூடாது, செடிக்கும் ஊற்றக் கூடாது.

கிணற்றுக்கு அளவு காண, ஆரத்தை ஆரத்தால் பெருக்கி, 3.14ஆலும் தண்ணீர் ஆழத்தாலும் பெருக்கினால் கன அடி வரும். அதை 28.3ஆல் பெருக்கினால் லிட்டர். ஆறடி விட்டம், பத்தடி தண்ணீர் என்றால் சுமார் 8,000 லிட்டர், 1.2 கிலோ பவுடர். ஆறங்குல போர்வெல்லில் ஓர் அடிக்கு ஐந்தரை லிட்டர். 150 அடி தண்ணீர் நின்றால் 125 கிராம் போதும். இந்தக் கணக்கெல்லாம் 33 சதவீதக் குளோரின் உள்ள புதிய பவுடருக்கு. போன வருடம் வாங்கிக் கட்டி தட்டிப்போன பொட்டலத்தில் பாதிகூட இருக்காது.

குடிப்பதற்கு, நன்றாகத் தளதளவென்று கொதித்த பின் ஒரு நிமிடம் போதும். எண்ணெயோ ரசாயனமோ கலந்த தண்ணீருக்கு இது உதவாது, அப்போது கேன் தண்ணீர்தான். வெள்ளத்தில் மூழ்கிய ஆர்.ஓ. மெஷினில் ஃபில்டர், மெம்பிரேன் எல்லாவற்றையும் மாற்றும்வரை ஒரு டம்ளர்கூடப் பிடிக்காதீர்கள்.

வயரிங்குக்கு வருவோம். நீர்க்கோட்டுக்குக் கீழே இருந்த பிளக் பாயின்ட், சுவிட்ச், மூழ்கிய எம்.சி.பி., ஆர்.சி.சி.பி. எதையும் காயவைத்து மறுபடி மாட்டக் கூடாது. உள்ளே படிந்த மெல்லிய மண் சில மாதம் கழித்துத் தீப்பொறி கக்கும். சுவருக்குள் போகும் பைப்பில் தண்ணீர் நிற்கும் என்பதால் வயரை உருவிப் பார்க்க வேண்டும். எலக்ட்ரீஷியனிடம் 500 வோல்ட் மெகர் (வயரின் மின்காப்பைச் சோதிக்கும் கருவி) இருக்கிறதா என்று கேளுங்கள். ஒவ்வொரு லைனிலும் குறைந்தது ஒரு மெகா ஓம் காட்டினால்தான் கரண்ட் கொடுக்கலாம். டெஸ்டர் விளக்கை மட்டும் வைத்து "சரியா இருக்கு சார்" என்பவரை அனுப்பிவிடுங்கள். மோட்டாரைப் பிரித்து பேரிங் மாற்றி, சுருளைக் காயவைத்த பிறகே ஓட்ட வேண்டும். போர் மோட்டார் தண்ணீருக்குள்ளேயே இருப்பது, அதற்கு ஒன்றும் ஆகாது. மேலே இருக்கும் ஸ்டார்ட்டர் பெட்டியும் கெபாசிட்டரும்தான் போயிருக்கும்.

சுவருக்குப் பெயின்ட் அடிக்க அவசரப்படாதீர்கள். ஒன்பதங்குலச் செங்கல் சுவர் உள்ளே காய இரண்டு மூன்று மாதம் ஆகும். பொங்கலுக்கு என்று முன்கூட்டி அடித்தால் கோடைக்குள் உவர் பூத்து உரியும். அதற்குள் எப்படியும் வயரிங்குக்காகச் சுவரை வெட்டத்தான் போகிறீர்கள். அப்போதே பிளக் பாயின்ட்களை நாலடிக்கும் மீட்டர் போர்டைத் தலை உயரத்துக்கும் ஏற்றி, தரைத்தளத்துக்கு ஓர் ஆர்.சி.சி.பி., மாடிக்கு இன்னொன்று என்று பிரிக்கச் சொல்லுங்கள். அடுத்த முறை கீழே ஈரமாக இருந்தாலும் மாடிக்கு மட்டும் கரண்ட் கொடுத்துவிடலாம். மீட்டரை நகர்த்த மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும், எலக்ட்ரீஷியன் தானாகக் கழற்றக் கூடாது.